சீட்டே விழலை என்று சொல்ல முடியாத ஆட்டம்

சீட்டாட்டத்தில் தோற்றவன் பேசும் வசனம் உலகம் முழுக்க ஒன்றுதான்: "எனக்குச் சீட்டே விழலை." ரம்மியில் சொல்லலாம், 304-இல் சொல்லலாம், விடிய விடிய 28 ஆடிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வாசற்படியில் நின்றும் சொல்லலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது. கலைத்துப் போட்ட கட்டு சாட்சி சொல்ல வராது. இத்தனை பேருக்கு இத்தனை காலம் ஆறுதல் தந்த ஒரு வாக்கியத்தை ஒழித்துக்கட்டியே தீருவது என்று கிளம்பிய புண்ணியவான்கள்தான் பிரிட்ஜில் அணிப் போட்டி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம், சீட்டைத் திட்ட முடியாமல் போன பெரிய மனிதர்கள் வேறு யாரைத் திட்டலாம், வேறு என்ன செய்யலாம் என்று தவித்த கதை.

பிரிட்ஜுக்கு மூத்தது விஸ்ட். இங்கிலாந்தில் வேலைவெட்டி இல்லாத பிரபுக்கள் எல்லாரும் ஆடியது அதைத்தான். 19ஆம் நூற்றாண்டில் யார்பரோ பிரபு என்று ஒருவர் இருந்தார். கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர். கைக்கு வரும் 13 சீட்டில் ஒன்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லாமல் உங்களுக்கு விழுந்தால் ஆயிரம் பவுன் தருகிறேன், விழாவிட்டால் எனக்கு ஒரே ஒரு பவுன் கொடுங்கள், போதும் என்று பந்தயம் கட்டினார். என்ன தாராள மனசு! அப்படியொரு கை சராசரியாக 1,828 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். ஆடி ஜெயிப்பதைவிட ஆடுகிறவன் துரதிர்ஷ்டத்துக்கு விலை வைப்பது லாபம் என்று கண்டுகொண்ட அந்த மகானின் பெயரைத்தான் இன்றுவரை உதவாக்கரைக் கைக்கு வைத்திருக்கிறார்கள்.

1857-இல் லண்டனில் ஹென்றி ஜோன்ஸ் என்ற டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பின்னாளில் காவெண்டிஷ் என்ற புனைபெயரில் விஸ்ட் சாஸ்திரமே எழுதப்போகிறவர் இவர். ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நன்றாக ஆடுகிற நாலு பேரையும், மோசமாக ஆடுகிற நாலு பேரையும் கூட்டினார். இரண்டு அறை, இரண்டு மேஜை. ஒரு மேஜையில் கெட்டிக்காரர்களுக்குக் கிடைத்த அதே சீட்டுகள் இன்னொரு மேஜையில் மக்குகளுக்குப் போகும். முடிவு எதிர்பார்த்ததுதான், கெட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள். எனக்கு அதைவிட இரண்டாவது நாலு பேர் மீதுதான் அக்கறை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டிருப்பார் அந்த டாக்டர்? "விஞ்ஞானத்துக்காக ஓர் உதவி, உங்களை விட்டால் ஆளில்லை" என்றா?

விஸ்ட், பிரிட்ஜ் ஆகி, ஏலம் கேட்கிற பிரிட்ஜாகி, கடைசியில் இன்றைய உருவத்துக்கு வந்தது 1925-இல். அதற்குக் காரணம் ஹரால்ட் வாண்டர்பில்ட். ரயில்பாதைகளால் கொழுத்த குடும்பம். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில், எஸ்.எஸ். ஃபின்லாந்து என்ற கப்பலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போய்க்கொண்டிருந்தார். கூட மூன்று நண்பர்கள். பணக்காரர்களுக்குக் கப்பலில் என்ன வேலை? தான் யோசித்து வைத்திருந்த புதிய புள்ளிக் கணக்கை அவர்கள் மேல் பரீட்சித்தார். ஒரு ரவுண்டு ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஜோடிக்கு, அடுத்த தடவை தோற்றால் அடி பலமாக விழ வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று நாலு ஆண்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கப்பலில் வந்த ஒரு பெண் பெயர் சொல்லிக் கொடுத்தார். அவர் வைத்த பெயர் இன்றும் எல்லா மேஜையிலும் புழங்குகிறது. அவர் பெயர் மட்டும் வாண்டர்பில்ட்டுக்கு மறந்துபோயிற்று.

தன் பெயர் அப்படி மறந்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். 1928-இல் அணிப் போட்டிக்கென்று வாண்டர்பில்ட் கோப்பையை வழங்கினார். 1932-இல் அந்தக் கோப்பையை அவரே ஜெயித்தார். 1940-இல் மறுபடியும் ஜெயித்தார். சொந்தக் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதி, தானே எண்ணி வாங்கிக்கொண்ட மாதிரி. மனுஷனைச் சும்மா பரிகசிக்கவும் முடியாது: அதே காலகட்டத்தில் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியை 1930, 1934, 1937 என்று மூன்று முறை வென்றிருக்கிறார். ஜெயிக்கிற ஒவ்வொருவருக்கும் கோப்பையின் குட்டிப் பிரதி ஒன்று கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு லட்சம் டாலரை உயிலில் ஒதுக்கியவரும் அவர்தான்.

ஊர் கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம் ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் எட்டாது. அவர்களுக்காகவே 1930களில் அமெரிக்கர்கள் மாஸ்டர் பாயிண்ட் என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஜெயித்தால் புள்ளி ஏறும். தோற்றால்? இறங்காது. ஒரு முறை சம்பாதித்தது சாகும்வரை கணக்கில் இருக்கும். முப்பது வருஷம் தொடர்ந்து தோற்றாலும் அவ்வப்போது தவறிப்போய் ஜெயித்தவற்றைச் சேர்த்து வைத்தால் பட்டம் வந்துவிடும். வருஷ முடிவில் கிளப்புகளில் யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று பார்த்து 'ஏஸ் ஆஃப் கிளப்ஸ்' விருது தருகிறார்கள். அதிலும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. ஐந்து புள்ளிக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று பத்தாயிரத்தையும் தாண்டிப் போகிறது. ஆண்டு விழாவில் கைதட்டிக் கை வலிக்கும். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரியும்.

விருது வாங்கி, சாப்பிட்டு முடித்த கையோடு அணிப் போட்டி வைத்தால் அந்த அன்பெல்லாம் ஆவியாகிவிடும். அணிக்கு நாலு பேர். இரண்டு பேர் இந்த மேஜையில் வடக்கு தெற்காக உட்கார்ந்தால், மற்ற இரண்டு பேர் அந்த மேஜையில் கிழக்கு மேற்காக உட்கார வேண்டும். நாலு பை வைத்த பலகையில் நாலு கைகளையும் செருகி, இங்கே ஆடி முடித்ததும் அப்படியே அங்கே அனுப்பிவிடுவார்கள். இங்கே எதிரிக்கு விழுந்த அதே சீட்டு அங்கே உங்கள் ஆளுக்கு விழும். டாக்டர் ஜோன்ஸின் கைங்கரியம்.

உண்மையான ஆட்டம், எல்லாம் முடிந்து நால்வரும் ஒரு மூலையில் கூடிக் கணக்குப் பார்க்கும் அந்த ஐந்து நிமிஷம்தான். ஏழாம் பலகை. உங்கள் மேஜையில் எதிரிகள் நாலு ஸ்பேடு கேட்டார்கள். நாலு என்றால் பத்துப் பிடி எடுத்தாக வேண்டும், எடுத்துவிட்டார்கள். 620. "அவங்களுக்கு அப்படியொரு சீட்டு, பிரம்மா வந்தாலும் தடுக்க முடியாது" என்கிறீர்கள். எதிரே நிற்கும் உங்கள் அணிக்காரர் எச்சில் விழுங்குகிறார். அதே சீட்டை வைத்துக்கொண்டு அவரும் அவர் கூட்டாளியும் மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். பிடி என்னவோ பத்தும் வந்தது, கேட்காத குற்றத்துக்கு 170 மட்டும். வித்தியாசம் 450, அட்டவணைப்படி பத்துப் புள்ளி நஷ்டம். "ஏன் நாலு கேட்கலை?" "அவர்தான் பேசாம இருந்தார்." "நான் பேசாம இருந்தேனா? நீங்க முதல்ல கேட்ட லட்சணத்துக்கு…" சீட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை என்றானதும், குற்றம் நேராக எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கூட்டாளி வாழ்க்கைத் துணையாகவும் இருந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பு. 1929 செப்டம்பர் 29 இரவு, அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் பென்னட் தம்பதி பக்கத்து வீட்டுத் தம்பதியோடு வீட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கணவர் நாலு ஸ்பேடு ஆடிக் கவிழ்ந்தார். மனைவி அவர் ஆட்டத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அவர் கை நீட்டி அடித்தார். அந்த அம்மாள் துப்பாக்கியை எடுத்து வந்து சுட்டதில் ஆள் காலி. 1931-இல் நடந்த விசாரணையில் முன்னாள் செனட்டர் ஒருவர் அவருக்காக வாதாடினார். ஜூரி விடுதலை செய்தது. வேடிக்கை அதுவல்ல. செய்தி வந்ததும் பிரிட்ஜ் உலகம் கேட்ட முதல் கேள்வி, அந்த நாலு ஸ்பேடை எடுத்திருக்க முடியுமா, முடியாதா என்பதுதான். நால்வர் கையிலும் இருந்த சீட்டு என்று ஒரு படம் அச்சாகி, நிபுணர்கள் அலசித் தீர்த்தார்கள். அன்று விழுந்தவை அந்தச் சீட்டுகள்தானா என்பதே சந்தேகம்.

அந்த அலசலில் முன் வரிசையில் நின்றவர் ஈலி கல்பர்ட்சன். இந்த ஆள் இல்லாவிட்டால் பிரிட்ஜ் வரலாறு உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும். ருமேனியாவில் பிறந்தவர், அப்பா அமெரிக்கச் சுரங்க எஞ்சினியர், அம்மா ரஷ்யக்காரி. கொலை நடந்த அடுத்த மாதம், 1929 அக்டோபரில், 'பிரிட்ஜ் வேர்ல்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே மாதம் பங்குச் சந்தை கவிழ்ந்தது. ஊரே வெளியே போய்ச் செலவு செய்ய வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்து சீட்டுக் கட்டைப் பிரித்தது. யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று தோன்றிய நேரத்தில் இவர் புத்தகத்தோடு நின்றார். அதிர்ஷ்டம் என்றால் இது.

1930-இல் வால்டர் புல்லர் என்ற ஆங்கிலேய லெப்டினன்ட் கர்னல், அமெரிக்கர்களின் ஏல முறையெல்லாம் பம்மாத்து, நல்ல பிரிட்டிஷ் அணி ஒன்று உட்கார்ந்தால் அவர்களைத் துவைத்துப் போட்டுவிடும் என்ற ரீதியில் எழுதிக்கொண்டிருந்தார். கல்பர்ட்சன் மனைவி ஜோசஃபினையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். லண்டன் ஆல்மாக்ஸ் கிளப்பில் 200 பலகை. இரு மேஜைக்கும் ஒரே சீட்டு. அமெரிக்கர்கள் 4,845 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கர்னலுக்குச் சீட்டு விழவில்லை என்று சொல்லக்கூட வாய்ப்பில்லை. கல்பர்ட்சனின் 'புளூ புக்' அதே வருஷம் சுடச்சுட வந்து விற்றது.

உள்ளூரில் பொறாமை கிளம்பாமல் இருக்குமா? பழைய ஆசான்கள் எல்லாரும் கூட்டணி போட்டார்கள். அவர்கள் சார்பில் களமிறங்கியவர் சிட்னி லென்ஸ். நிஜமான மேதை, மாஜிக்கும் தெரிந்தவர். சீட்டு தன் விரலுக்கு அடங்கும் அளவு தனக்கே பயமாக இருந்ததால் பணம் வைத்து ஆட மறுத்தவர். 1931 டிசம்பர் 7 அன்று நியூயார்க் சாட்டம் ஹோட்டலில் ஒரு ஜோடி இரண்டு ரவுண்டு ஜெயித்தால் முடிகிற 'ரப்பர்' 150 கொண்ட மகாயுத்தம் தொடங்கியது. கல்பர்ட்சன் தோற்றால் 5,000 டாலர், லென்ஸ் தோற்றால் 1,000 டாலர், எதுவானாலும் தர்மத்துக்கு. நிருபர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து ஒவ்வொரு சீட்டையும் தந்தியில் அனுப்பினார்கள்.

கல்பர்ட்சன் ஆட்டத்துக்குத் தாமதமாக வருவார். வந்தால் யோசிப்பார், யோசித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் மேஜைக்கே மாட்டிறைச்சி ஸ்டேக் வரவழைத்து, வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே ஆடினார். எதிரே சுத்தபத்தமான லென்ஸ், எண்ணெய்க் கைபட்ட சீட்டைத் தொட வேண்டியிருக்கிறதே என்று கொதித்தார். அந்தக் கொதிப்பு போய் விழுந்தது கூட்டாளி ஆஸ்வால்ட் ஜாக்கபி தலையில். ஜாக்கபி இளைஞர், கையில் ஒன்றுமில்லாமலே ஏதோ இருப்பதுபோல் ஏலம் கேட்டு எதிரியைக் குழப்பும் வித்தைக்காரர். எதிரி குழம்பினாரோ இல்லையோ, லென்ஸ் குழம்பினார். 103 ரப்பர் முடிந்ததும் ஜாக்கபி எழுந்து போய்விட்டார். மிச்சத்துக்கு லிகெட் என்ற கடற்படை கமாண்டரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

ஜனவரி 8-இல் யுத்தம் முடிந்தது. கல்பர்ட்சன் பக்கம் 8,980 புள்ளி வெற்றி. இது இரு மேஜை ஆட்டம் அல்ல, சாதாரண ரப்பர் என்பதால் பழைய வசனத்துக்கு இடமிருந்தது. அதையும் கெடுத்துவிட்டார்கள்: போட்ட 879 கைகளிலும் ஏஸ் எத்தனை, ராஜா எத்தனை என்று எண்ணிவைத்திருந்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறையச் சரிசமம். இந்தக் களேபரத்துக்கெல்லாம் நடுவராக உட்கார்ந்து பொறுமையின் சிகரமாக விளங்கியவர் ஆல்ஃபிரட் குரூந்தர் என்ற ராணுவ லெப்டினன்ட். 1953-இல் அவர் ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி ஆனார். அத்தனை நாடுகளைச் சமாளிப்பது அவருக்கு ஓய்வு மாதிரி இருந்திருக்கும்.

கல்பர்ட்சனின் கொட்டத்தை 1937-இல் புடாபெஸ்ட்டில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரியர்கள் அடக்கினார்கள். அவரும் மெல்ல ஆட்டத்தை விட்டு, உலக சமாதானத்துக்குத் திட்டம் போடப் போய்விட்டார். சமாதானம் வந்ததா என்பது உங்களுக்கே தெரியும்.

கூட்டாளியைத் திட்டியும் பயனில்லை என்று கண்டவர்கள் அவரோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார்கள். 1965, புவனஸ் அயர்ஸ், உலக சாம்பியன்ஷிப். பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபீரோ இருவரும் சீட்டைப் பிடிக்கும்போது பின்பக்கம் தெரியும் விரல்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதை ஓர் அமெரிக்கர் கவனித்தார். கையில் எத்தனை ஹார்ட் என்பதற்கான கணக்கு அது என்று சொன்னார்கள். உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றம் என்றது. பிரிட்டனில் தனியாக விசாரித்த சர் ஜான் ஃபாஸ்டர், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்றார். ஆளாளுக்குப் புத்தகம் எழுதினார்கள். கட்சி இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.

1975-இல் பெர்முடாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், முகமும் விரலும் தெரியாதபடி மேஜைக்குக் குறுக்கே முதல்முறையாகத் திரை கட்டினார்கள். மேலே திரை வந்ததும் சமாசாரம் கீழே இறங்கிவிட்டது. இத்தாலியர் ஒருவர் மேஜைக்கடியில் கூட்டாளியின் பாதத்தை மிதிப்பதை ஒரு நிருபர் பார்த்துவிட்டார். அமைப்பாளர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டித்துவிட்டு, அவசரமாகக் காபி மேஜைகளைத் தேடிப் பிடித்து, ஆட்ட மேஜைக்கடியில் கால்களுக்கு நடுவே செருகினார்கள். உலக சாம்பியன்ஷிப்பின் நேர்மை ஒரு காபி மேஜையை நம்பி நின்றது. அமெரிக்காவோடு நடந்த இறுதி ஆட்டத்தின் 92ஆம் பலகையில், அதே இத்தாலிய அணியின் வேறொரு ஜோடி, பெல்லடோன்னாவும் கரோட்ஸோவும், பதின்மூன்று பிடியும் எடுப்போம் என்று கேட்டுத் தொலைத்தார்கள். துருப்பில் ராஜா எதிரியிடம். அந்த ராஜா சரியான பக்கத்தில், கூட ஒரே ஒரு பத்தோடு மாட்டினால்தான் உண்டு. மாட்டியது. இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. அமெரிக்கர்கள் மட்டும் அன்றைக்கு "சீட்டே விழலை" என்று வாய்விட்டுச் சொல்லலாம். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

திரை, காபி மேஜை எல்லாம் வந்தாயிற்று. பாக்கி என்ன? தொண்டை. 2013, பாலி. மூத்தோர் அணிப் போட்டியில் ஜெர்மனி தங்கம் வென்றது. அந்த அணியில் இரண்டு டாக்டர்கள் ஒரு ஜோடி. ஆட்டத்தின் நடுவே அடிக்கடி இருமினார்கள். ஒரு இருமல் என்றால் கிளாவர், இரண்டு என்றால் டைமண்ட், மூன்று ஹார்ட், நாலு ஸ்பேடு என்று வீடியோவை வைத்து உலகச் சம்மேளனம் மறுவருஷம் தீர்ப்பெழுதியது. இருவரும் மறுத்தார்கள். பட்டம் அமெரிக்க அணிக்குப் போயிற்று. இருமலுக்கு மருந்து எழுதித் தர வேண்டியவர்களே இப்படி. ஆனால் எல்லாரையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கொல்கத்தாவின் பிரணவ் பர்தன் 60 வயதிலும், சிவநாத் சர்க்கார் 56 வயதிலும் இந்தியாவுக்கு ஜோடியாகத் தங்கம் வாங்கி வந்தார்கள். சத்தமில்லாமல்.

ஆட்டத்தில் ஒரு பிழையும் இல்லை, பரிசளிப்பு விருந்தில் மாட்டிக்கொண்டோம் என்ற பெருமை அமெரிக்கப் பெண்கள் அணிக்கு உரியது. 2007, ஷாங்காய். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை வென்று வெனிஸ் கோப்பை வாங்கியாயிற்று. மற்ற நாட்டுக்காரர்கள் இரண்டு வாரமாக ஜார்ஜ் புஷ்ஷைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் குடைந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. மேடையேறியபோது அணியின் தலைவி விருந்துக்கு வைத்திருந்த மெனு கார்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். "புஷ்ஷுக்கு நாங்கள் ஓட்டுப் போடவில்லை" என்று அதில் கையால் எழுதியிருந்தது. சபையில் சிரிப்பு. ஊர் திரும்பினால் சிரிப்பில்லை. அமெரிக்க பிரிட்ஜ் சம்மேளனம் ஒரு வருஷத் தடை, 200 மணி நேர பிரிட்ஜ் சேவை, மன்னிப்புக் கடிதம் என்று நீட்டியது. பிரெஞ்சு அணியினர் பேச்சுரிமைக்காக அந்தப் பெண்களை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். காலால் மிதித்தவருக்குக் கண்டிப்பு, கையால் எழுதியவர்களுக்கு ஒரு வருஷம் என்று கேட்டது என்ன நியாயமோ.

உங்கள் ஊர் கிளப்பில் ஆண்டு விழா என்று அழைப்பு வந்தால் அவசியம் போங்கள். சாப்பாடு நன்றாக இருக்கும், ஏதாவது ஒரு பிரிவில் உங்களுக்கும் விருது கிடைக்கும். இருமல் இருந்தால் மட்டும் முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவிடுங்கள். மெனு கார்டு பக்கத்தில் பேனாவை வைக்காதீர்கள்.